அப்பாவின் ஈ.சி.எச்.எஸ். பில் திரும்பி வந்ததும், சரியான விதமும்

1999 கார்கிலில் அப்பாவின் இடது காலில் குண்டுச் சிதறல் பாய்ந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். பணியில் இருந்தவரை ராணுவ மருத்துவமனையே பார்த்துக்கொண்டது, இப்போது ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டைதான். போன வருடம் அந்த இடத்தில் சீழ் பிடித்து, வியாழன் இரவு 11 மணிக்குக் குளிர்காய்ச்சலோடு பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்கு ஓடினோம். அது திட்டத்தின் பட்டியலில் இல்லாதது. அப்படிப் போனால் 48 மணி நேரத்துக்குள் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் தரவேண்டும், வெள்ளி காலை 10 மணிக்கே கடிதம் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன்.

ஆனாலும் பில், "அவசரம் நிரூபிக்கப்படவில்லை" என்று திரும்பி வந்தது. பில் நகல்களை மறுபடி கொடுத்தேன், அட்டை நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பழைய காயச் சான்றிதழையும் இணைத்தேன். எதுவும் நகரவில்லை, 11 நாள் போனது.

அப்புறம்தான் டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படித்தேன். சேர்க்கை நேரம் வெள்ளி மாலை 4 மணி என்றிருந்தது. அது அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நேரம்! அப்படிப் பார்த்தால் சேருவதற்கு 6 மணி நேரம் முன்பே நான் தகவல் கொடுத்ததாக ஆகிறது, முன்கூட்டியே திட்டமிட்டுச் சேர்ந்த மாதிரி.

அவசரப் பிரிவு பதிவேட்டின் நகலை வாங்கி, சம்மரியில் நேரத்தைத் திருத்தி மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, வந்தபோது இருந்த காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாம் எழுதிய அவசரச் சான்றிதழோடு கொடுத்தேன். பில் ஏற்கப்பட்டது. கட்டிய முழுத் தொகையும் வராது, சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) கட்டண விகிதப்படிதான் வரும், அதுவே பெரிய நிம்மதி.