முதலாளி பெயரில் வரும் அவசரச் செய்தி: சிறு நிறுவனங்கள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

பனியன் கம்பெனியிலோ அச்சகத்திலோ கணக்குப் பார்ப்பவரின் வாட்ஸ்அப்புக்கு, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து, முதலாளியின் படத்தைத் தாங்கி ஒரு செய்தி வருகிறது. முக்கியமான கூட்டத்தில் இருப்பதாகவும், தன்னை அழைக்க வேண்டாம் என்றும், கீழ்க்கண்ட கணக்குக்கு உடனே சில லட்சம் ரூபாய் அனுப்பிவிட்டு பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருக்கும். படத்தை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ சமூக வலைத்தளத்திலிருந்தோ எடுப்பது எளிது. முதலாளியிடம் திருப்பிக் கேட்பதற்குப் பணியாளர் கொள்ளும் தயக்கத்தை நம்பியே இந்த மோசடி நடக்கிறது. ஆகவே பாதுகாப்பையும் அந்தத் தயக்கத்தைப் போக்குவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிறுவனத்தின் தலைவர் தன் கையொப்பமிட்டு ஒரு விதியைக் கணக்குப் பிரிவுக்குத் தர வேண்டும்: வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, மின்னஞ்சல், தொலைபேசி ஆகிய எதன் வழியாகப் பணம் அனுப்பச் சொன்னாலும், ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் எண்ணில் பணியாளர் தானே அழைத்துப் பேசிய பிறகே அனுப்ப வேண்டும். குரலையும் போலியாக உருவாக்கிவிட முடிகிற இந்நாளில், வந்த அழைப்பில் கேட்ட குரலை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அவ்வாறு உறுதிசெய்யக் காத்திருந்ததால் ஒரு நாள் தாமதமானாலும் எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற விதிகள் ஏட்டளவில் நின்றுவிடும். விதியை எழுதிய முதலாளியே அவசரத்தில் அதை மீறச் சொன்னால், பணியாளர் அடுத்த முறை மோசடிக்காரருக்கும் அதே சலுகையைத் தருவார்.

நடப்புக் கணக்குக்கான இணைய வங்கிச் சேவையில், ஒருவர் பரிவர்த்தனையைப் பதிவுசெய்து மற்றொருவர் ஒப்புதல் தரும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. இரண்டே பேர் வேலை செய்யும் அலுவலகமானாலும் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது. சரக்கு தருபவர் தம் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகத் தகவல் அனுப்பினால், அந்தத் தகவலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணை அழைத்து விசாரிக்க வேண்டும்.

கடை முகப்பில் நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணம் செலுத்துவதற்கு மட்டுமே தேவை. ராணுவத்தினர் என்று சொல்லி மொத்தமாகச் சரக்கு கேட்டு, முன்பணம் தருவதாகக் கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்பவர்களிடம் பணத்தை இழந்த கடைக்காரர்கள் பலர். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டு எதையும் முடிவு செய்யாமல், பணம் வந்ததா என்பதைக் கடையின் சொந்தச் செயலியில் மட்டும் பார்க்க வேண்டும்.

குறுஞ்செய்திகளைப் பொறுத்தவரை, அனுப்புநர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். 2025 முதல் நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளின் பெயர் முடிவில் ஒரு கோட்டுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்', 'வாகன அபராதம் நிலுவையில் உள்ளது' என்று சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதைச் சந்தேகிக்க அதுவே போதும். அத்தகைய செய்தியோடு வரும் ஏபிகே கோப்பை (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) நிறுவினால், கைபேசிக்கு வரும் ஓடிபி எண்கள் மோசடிக்காரரின் கைக்குப் போய்விடக்கூடும். வங்கி, காப்பீட்டுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசையையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையையும் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது; எனினும் எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் ஓடிபி-யைச் சொல்லக் கூடாது என்பதில் விலக்கு இல்லை. ஜிஎஸ்டி அதிகாரி பெயரில் நோட்டீஸ் வந்தால், அதிலுள்ள ஆவண அடையாள எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும்.

பணியாளர்களின் சொந்தச் சேமிப்பைக் குறிவைப்பது 'டிஜிட்டல் கைது' எனப்படும் மிரட்டல். காவல்துறை, சிபிஐ, சுங்கத்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் வருபவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருக்குமாறு கட்டளையிடுகிறார்கள். அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபரில் வானொலியிலேயே அறிவித்தார். வேலை நேரத்தில் இத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம் என்று பணியாளர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தனிமையில் இருப்பவரைத்தான் அவர்களால் மணிக்கணக்கில் பிடித்துவைக்க முடிகிறது.

வங்கிக் கணக்கோடு இணைந்த சிம், நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் கைபேசியில் இருக்கட்டும். அதில் திடீரென்று சிக்னல் நின்றுபோனால், வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம் என்று கருதி உடனே தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால், முதலில் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். அடுத்து வங்கியை அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிச் செல்வதற்குள் அதை முடக்க வாய்ப்புண்டு. அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை அவரையே சேரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே, ஏமாந்த பணியாளர் சம்பளப் பிடித்தத்துக்கு அஞ்சி மாலை வரை மறைத்து வைப்பதுதான் நிறுவனத்துக்குப் பெரிய சேதம். உடனே சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்பதை அந்த விதித் தாளிலேயே சேர்த்துவிடுங்கள். பணம் எதுவும் போகாமல் தப்பித்த அழைப்புகளையும் செய்திகளையும்கூட, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகாராகப் பதியலாம்.