தெருவோடு ஆடிக் கூழ் ஊற்றுவது எப்படி

ஞாயிறு காலை கூழ் ஊற்ற வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை இரவே வேலை தொடங்கிவிடும். 1 கிலோ கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து, மண்பானையில் ஊற்றித் துணியால் மூடி வையுங்கள், பானையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பொங்கி வழிந்தால் தரையைக் கழுவியே பொழுது போய்விடும். மறுநாள் மாலை புளித்த வாசம் வரும். கால் கிலோ அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, மாவுக் கரைசலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிண்ட வேண்டும். கை நோகும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் சுமார் 30 பேருக்கு ஆளுக்கொரு சொம்பு வரும்.

சொம்பை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள், காகிதக் கப் வாங்கினால் ஆடிக் காற்றில் தெரு முழுக்கப் பறக்கும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய், முருங்கைக்கீரை. கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா என்று கட்டாயம் ஒரு சண்டை வரும். தனி மேசை போட்டால் சரி.

பறைக் குழுவை அழைத்தால் பேசிய பணத்தை அன்றே கொடுங்கள். தோல் பறையைக் காய்ச்ச வைக்கோலும் ஓரமாக ஓர் இடமும் வேண்டும்.

அப்புறம் விதை. விதைக்கும் காலமான ஆடிப்பட்டம் என்பதால் அவரை, பீர்க்கு, புடலை விதை வைத்திருப்பவர்கள் பகிர்ந்துகொள்ள ஆளுக்கு ஒரு பிடி எடுத்துவரட்டும்.