பழைய ஏர் பிளான்டரில் காற்று இழுப்பு குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடி, கமுதிப் பக்கம் மானாவாரி விதைப்புக்கு நாள் நெருக்க ஆரம்பித்துவிடும். நமக்கு வருகிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்னால் புழுதியிலேயே விதையைப் போட்டாக வேண்டும். கரிசல் ஒரு முறை நன்றாக நனைந்துவிட்டால் டிராக்டரை இறக்க முடியாது. இந்த நேரத்தில் பழைய ஏர் பிளான்டர், அதாவது காற்று இழுப்பால் விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற மிஷின், விதையை விட்டுவிட்டுப் போட ஆரம்பித்தால், கைக்கு எது கிடைக்கிறதோ அதை முறுக்கிப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படி முறுக்கியதாலேயே ஒரு சின்ன ஓட்டை பெரிய செலவாக மாறியதை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறோம்.

மிஷினுக்குள் நடப்பது சிக்கலானது இல்லை. விதைப்பெட்டிக்குக் கீழே நிமிர்ந்து சுற்றுகிற ஒரு தட்டு. அதன் ஓரத்தில் வட்டமாகத் துளைகள். தட்டின் ஒரு பக்கம் விதை, மறு பக்கம் காற்று இழுப்பு. துளைக்கு ஒரு விதையாக ஒட்டிக்கொண்டு வந்து, இழுப்பு நிற்கிற இடத்தில் கழன்று சாலில் விழும். அந்த இழுப்பைத் தருவது டிராக்டரின் பி.டி.ஓ. (பின்பக்கம் சுற்றும் ஷாப்ட்) சுற்றுகிற ப்ளோயர் என்ற விசிறி. அமெரிக்காவில் ஓடிய சில பழைய மாடல்கள் இதற்கு நேர் எதிர். அவை காற்றை உள்ளே ஊதி, அந்த அழுத்தத்தால் விதையைத் துளையில் பிடித்து வைக்கும். அவற்றில் விதைப்பெட்டி மூடியின் ரப்பர் போனாலே எல்லாம் போச்சு. நம் பக்கம் ஓடுவது பெரும்பாலும் இழுக்கிற வகைதான் என்பதால் இங்கே சொல்வதெல்லாம் அதற்கே.

முதல் தவறு, காரணம் தெரியாமலே ஆக்சிலேட்டரைக் கூட்டுவது. அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: விடுபடுவது ஒரு வரிசையிலா, எல்லா வரிசையிலுமா? ஒரு வரிசை மட்டும் என்றால் ப்ளோயரைத் தொடவே வேண்டாம். அந்த வரிசையின் ஹோஸ், தட்டு, வாஷர், விதை, இந்த நான்கில் ஒன்றுதான். எல்லா வரிசையும் ஒரே மாதிரி விடுபட்டால்தான் பி.டி.ஓ. வேகம், பெல்ட், பெரிய ஹோஸ், ப்ளோயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

அடுத்து, விடுபட்ட இடங்களை அளந்து பாருங்கள். சாலைக் கொஞ்சம் கிளறி விதையை எண்ணினால் போதும். இடைவெளி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால் அது காற்றுப் பிரச்சினையே இல்லை. தட்டில் ஒரு துளை அடைத்திருக்கிறது. 26 துளைத் தட்டில் 25 செ.மீ. இடைவெளியில் மக்காச்சோளம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளை அடைத்தால் ஒவ்வொரு 6.5 மீட்டருக்கும் ஒரு விதை குறையும். ஒழுங்கே இல்லாமல் அங்கங்கே விடுபட்டால் இழுப்பு குறைவாக இருக்கலாம், அல்லது செயின் வழியாகத் தட்டைச் சுற்ற வைக்கும் தரைச் சக்கரம் புழுதியில் சறுக்கலாம். நீளமாக ஒரு இடம் முழுக்கக் காலியாக இருந்தால் விதை விழும் குழாயில் மண் அடைத்திருக்கும், இல்லையென்றால் செயின் நின்றிருக்கும். இரட்டை இரட்டையாக விழுந்தால் இழுப்பு குறைவு இல்லை, அதிகம். அல்லது உபரி விதையைத் தட்டிவிடும் சீப்பு தள்ளிப் போயிருக்கிறது. அப்போது ஆக்சிலேட்டரைக் கூட்டினால் இரட்டை இன்னும் கூடும், விதைச் செலவும் கூடும்.

வேகத்தில் ஏமாறுவது

டீசல் மிச்சம் பிடிக்க ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுகிற டிரைவர்கள் உண்டு. கலப்பைக்கு அது சரி. ப்ளோயருக்கு ஆகாது. விசிறியின் வேகம் குறைகிற அளவுக்கு மட்டும் இழுப்பு குறைவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்குக் குறைகிறது. பி.டி.ஓ. 540 சுற்றில் ஓட வேண்டியது 480-ல் ஓடினால், வேகத்தில் குறைந்தது ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் இழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெல்ட் வழுக்கினாலும் இதே கதை. டிராக்டர் சரியான ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது, பெல்ட் மட்டும் பத்து சதம் வழுக்குகிறது என்றால், இழுப்பைக் காட்டும் கேஜில் ஏறக்குறைய 19 சதம் குறைந்து நிற்கும்.

எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடினால் பி.டி.ஓ. 540 வரும் என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறும். டேஷ்போர்டில் அல்லது கையேட்டில் போட்டிருப்பார்கள். பழைய டிராக்டர்களில் அந்த மீட்டர் கேபிள் அறுந்து கிடப்பது சாதாரணம். விதைப்புக்கு முன் அதை மாற்றிவிடுங்கள். காதால் கேட்டு வேகம் பிடிப்பதை நம்ப வேண்டாம். 540-க்கு மேலே தாண்டுவதும் தவறுதான். பேரிங்கும் பெல்ட்டும் சீக்கிரம் போகும்.

பெல்ட் வழுக்கினால் குங்கிலியம், மெழுகு என்று தடவுகிறார்கள். அன்றைக்கு ஓடும், மறுநாள் தூசி ஏறிப் பளபளத்துப் பழையபடி வழுக்கும். இழுவையைச் சரியாக வையுங்கள், பளபளத்த பெல்ட்டை மாற்றுங்கள். ஜோடியாக ஓடும் பெல்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. புதுசு முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும்.

வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்துகிற பழக்கமும் சேதம்தான். இழுப்பு நின்றதும் தட்டில் ஒட்டியிருந்த விதை எல்லாம் உதிரும். திரும்பி வந்து ஓட்ட ஆரம்பிக்கும்போது தட்டு மறுபடி நிறையும்வரை சால் காலியாகப் போகும். எல்லா வரிசையும் வரப்போரத்தில் மட்டும் முளைக்கவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பி.டி.ஓ.வை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், மறுபடி போட்டபின் கேஜ் முள் ஏறி நிற்கும்வரை பொறுத்து நகருங்கள். முன்னோக்கிப் போகும் வேகம் மணிக்கு 5, 6 கி.மீ. போதும். அதற்கு மேல் ஓடினால் துளை விதையைப் பிடிக்க நேரம் கிடைக்காது. இழுப்பு சரியாக இருந்தும் விடுபடும்.

கேஜை அப்படியே நம்புவது

பழைய மிஷினில் முதலில் பொய் சொல்வது கேஜ்தான். ப்ளோயர் நிற்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லை என்றால் அது காட்டும் எந்த எண்ணும் உதவாது. கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயில் தூசியோ குளவிக்கூடோ அடைத்திருந்தாலும் தப்பாகத்தான் காட்டும். இன்னொன்று, கேஜ் ப்ளோயருக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே உள்ள இழுப்பைத்தான் காட்டும். கடைசி வரிசைத் தட்டில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

புது கேஜ் வாங்கும்வரை கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயே போதும். இரண்டு கையும் மீட்டர் உயரம் இருக்கும்படி ப வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைத் திறந்து விட்டு, மறு முனையை அந்த வரிசைக்குப் போகும் ஹோஸில் ஒரு டி-கனெக்டர் போட்டு இணையுங்கள். ப்ளோயர் ஓடும்போது இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இழுப்பு. ஒரு செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிபார். 40 செ.மீ. நின்றால் 40 மில்லிபார். அங்குலத்தில் காட்டும் கேஜ் என்றால் 16 அங்குலம். ஒவ்வொரு வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த வரிசையில் இழப்பு என்று உடனே தெரிந்துவிடும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் மிஷின் கையேடுதான் கணக்கு. மக்காச்சோளம் மாதிரி கனமான விதைக்கு அதிகம் வேண்டும், சோளத்துக்குக் குறைவு.

அளக்கும்போது தட்டுகள் விதையோடு நிறைந்திருக்க வேண்டும். துளைகள் காலியாக இருந்தால் அவை வழியாகவே காற்று புகுந்து அளவு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ப்ளோயர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஓட்டை எங்கே என்று தேட ஊதுபத்தியை விட நல்ல கருவி கிடையாது. ப்ளோயரை ஓடவிட்டு, ஹோஸ் இணைப்பு, கிளாம்ப், தட்டு மூடி விளிம்பு என்று புகையைக் காட்டிக்கொண்டே போங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை உள்ளே இழுபடும். இந்த வேலை செய்யும்போது வேட்டி, துண்டு, லுங்கி எதுவும் தொங்கக்கூடாது. 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. ஷாப்ட் துணியைப் பிடித்தால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. ஷாப்ட் மேல் கவர் இல்லாத மிஷினில் முதல் செலவு அந்தக் கவராகத்தான் இருக்க வேண்டும்.

ஹோஸ்களில் வெளியே தெரியாத ஒரு கோளாறு உண்டு. வெயிலில் காய்ந்த ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும். உள் அடுக்கு மட்டும் பிரிந்து, இழுக்கும்போது மடிந்து வழியை அடைக்கும். கையால் அமுக்கிப் பார்த்தால் மொடமொடவென்று இருப்பதை மாற்றிவிடுங்கள். மிஷினை லிப்டில் தூக்கியபடி பார்க்காமல், விதைக்கும் உயரத்துக்கு இறக்கி வைத்துப் பாருங்கள். சில ஹோஸ் அப்போதுதான் மடங்கும்.

தட்டும் வாஷரும் விதையும்

தட்டுக்கும் காற்றறைக்கும் நடுவே உள்ள வாஷர் தேய்ந்தால், பழைய டியூபை வெட்டிப் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். டியூப் ரப்பர் தட்டைப் பிடித்து இழுக்கும், செயினுக்குச் சுமை ஏறும், சில ஏக்கரில் சுருண்டு துளைகளை மூடும். அந்த மாடலுக்கான வாஷரைத் தேடி வாங்குவதுதான் வழி. வாஷரில் கிரீஸ் தடவுவதும் கூடாது. புழுதி ஒட்டிச் சாந்தாகிவிடும். புது வாஷர் போட்டும் இழுப்பு வரவில்லை என்றால் தட்டைக் கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். வளைந்த தட்டை எந்த வாஷராலும் காப்பாற்ற முடியாது.

அடைத்த துளையை ஆணியால் குத்துகிறார்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் இரண்டு விதை பிடிக்கும், அல்லது விதை துளைக்குள்ளேயே சிக்கும். மக்காச்சோளத் தட்டின் துளை பெரும்பாலும் 4.5 முதல் 5.5 மி.மீ. வரை, சோளத் தட்டில் 2 மி.மீ.யை ஒட்டி இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் ஆணிக்கு இடமில்லை. தென்னை ஈர்க்குச்சி போதும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் விதை நேர்த்திதான். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசுவது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் கை விதைப்புக்குக் காய்ந்தால் போதுமான விதை, தட்டுக்குப் போதாது. கையில் அள்ளி விட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதற வேண்டும். அதுவரை நிழலில் உலர்த்துங்கள். பிறகு வாசனை சேர்க்காத டால்க் தூளைக் கொஞ்சம் கலந்தால் வழுக்கிக்கொண்டு போகும். பருத்தியில் பஞ்சு நீக்காத விதையை இந்த மிஷினில் போடவே கூடாது.

மருந்து பூசிய விதை என்றால் ப்ளோயர் வெளியே தள்ளும் காற்றில் அந்த மருந்துத் தூளும் போகும். 2008-ல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் இந்த மாதிரி மிஷின்கள் மக்காச்சோளம் விதைத்தபோது வெளியேறிய தூளால் ஆயிரக்கணக்கான தேனீக் கூட்டங்கள் நாசமாயின. போக்குக் குழாயைத் தரையைப் பார்த்துத் திருப்பி விடுங்கள். திருப்புகிற வளைவுக் குழாய் அதே அளவு வாய் உள்ளதாக இருக்கட்டும், குறுகினால் இழுப்பு குறையும். தட்டைத் துடைக்கிற ஆள் மாஸ்க்கும் கையுறையும் போட வேண்டும்.

நம் கரைக்கே உரிய தவறு ஒன்று, மிஷினைப் போர் தண்ணீரில் கழுவுவது. கடல் காற்றின் உப்பு ஏற்கனவே இரும்பைத் தின்கிறது. அதோடு உப்புத் தண்ணீரும் காய்ந்தால் தட்டும் காற்றறையும் ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாய் அரித்துப்போகும். அரித்த முகத்தில் வாஷர் எப்படிப் படியும்? பிரஷ்ஷும் கம்ப்ரஸர் காற்றும் வைத்து உலர்ந்த நிலையிலேயே துடையுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் பண்ணைக்குட்டை மழைத் தண்ணீர், அதுவும் வெயில் இருக்கும் காலையில். விதைப்பு முடிந்ததும் தட்டுகளைக் கழற்றி லேசாக எண்ணெய் துடைத்து வீட்டுக்குள் வையுங்கள். அடுத்த பருவம் பூட்டும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். ஹோஸ் வாய்களைத் துணியால் அடைத்து வைத்தால் குளவியும் எலியும் புகாது.

இத்தனையும் பார்த்த பிறகும் எல்லா வரிசையிலும் இழுப்பு ஏறவில்லை என்றால், அப்போதுதான் ப்ளோயரைப் பிரிக்க வேண்டும். விசிறி இதழில் தேரி மண்ணும் மருந்துத் தூளும் பிசினாய்ப் படிந்திருக்கும். அதை மரக்கரண்டியால் சுரண்டி எடுங்கள். இதழ் துருத் தின்று மெலிந்திருந்தால் வெல்டு வைத்துத் தேற்றப் பார்க்காதீர்கள். அவ்வளவு வேகத்தில் சுற்றும் பொருளில் ஒரு பக்கம் சில கிராம் கூடினாலே பேரிங் போகும், இதழ் தெறித்தால் ஆளைத் தாக்கும். விசிறியை மாற்றுங்கள், அல்லது பேலன்ஸ் பார்க்கும் கடைக்குக் கொண்டு போங்கள். அந்தக் கடைக்குப் போய்வர நாள் பிடிக்கும் என்பதால், மிஷினை ஆவணியிலேயே வெளியே இழுத்து, தண்ணீர்க் குழாயை மாட்டி ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.