உயிலுக்கு யாரைச் சாட்சி வைப்பது?

எந்தச் சொத்து யாருக்கு என்று பலநாள் யோசிப்பவர்கள்கூட, உயிலுக்குச் சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் அந்த அக்கறையைக் காட்டுவதில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, குறைந்தது இரண்டு சாட்சிகள் உயில் எழுதியவரின் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், உங்களைவிட வயதில் இளையவராகவும், எளிதில் தேடிப்பிடிக்கக் கூடியவராகவும், சொத்தில் பங்கு பெறாதவராகவும் பார்த்து அழைப்பதே நல்லது. சம வயது நண்பர்கள் இருவரிடம் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாட்சிகளின் தந்தை பெயரையும் முழு முகவரியையும் கையெழுத்தின் கீழே எழுதச் சொல்லுங்கள்; உயிலில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது பாதுகாப்பு. வங்கி வைப்புத்தொகைக்குத்தான் நாமினி இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள்: நாமினி அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாமே தவிர, அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆகவே, அதையும் கணக்கு விவரத்தோடு உயிலில் எழுதிவிடுங்கள்.