கூப்பாடு: ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

ஒரு சொல்லின் பிறப்பை அறிய விரும்புவோர் முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாப்பிடு என்பது சாப்பாடு ஆனதைப் போலவே, கூப்பிடு என்னும் வினை நீண்டு கூப்பாடு ஆயிற்று. கூப்பிடுவதையும் பிரித்தால் 'கூ' என்னும் ஒலியும் 'இடு' என்னும் வினையும் கிடைக்கும். சேவலும் குயிலும் எழுப்பும் அந்த ஒலியே கூவு, கூக்குரல் ஆகியவற்றுக்கும் அடி.

அடுத்து, உறவு மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தில் கூவுக, கன்னடத்தில் கூகு, தெலுங்கில் கூயு என்று அதே வேர் ஒலிப்பதைக் கேட்கும்போது, இது இரவல் சொல் அன்று என்பது தெளிவாகும். பர்ரோ, எமனோ என்னும் மொழியியல் அறிஞர்கள் இருவரும் தொகுத்து 1961-இல் வெளிவந்த திராவிட வேர்ச்சொல் அகராதி இதற்குப் பெருந்துணை.

பொருளை மட்டும் அகராதியோடு நிறுத்திவிடாமல் வழக்கிலும் சோதிக்க வேண்டும். 'என்னைக் கூப்பிட்டார்' என்பதில் உரத்த குரலே தேவையில்லை. 'கூப்பாடு போட்டார்' என்றாலோ முறையீடும் ஆரவாரமும் சேர்ந்துவிடுகின்றன. ஒரே வேரில் பிறந்த இரண்டில் ஒன்று தணிந்தது, மற்றொன்று பழைய உரப்பைக் காத்தது. 'கூப்பிடு தூரம்' என்னும் தொடரிலோ அக்குரல் எட்டும் எல்லையே அளவாகி நிற்கிறது.