அடைமழைக்கு ஜன்னலைச் சாத்துமுன்

"மழையில நனையாதே, சளி பிடிக்கும்" என்று கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. மழைத்துளியில் வைரஸ் வருவதில்லை, இன்னொரு ஆளின் மூச்சிலிருந்தும் இருமலிலிருந்தும்தான் வருகிறது, அது தெரிந்ததுதான். ஆனாலும் சென்னையில் ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் பெய்தால் தெருமுனை கிளினிக்கில் உட்கார இடம் கிடைக்காது என்பதும் நாம் கண்ணால் பார்ப்பது. இந்தியாவில் ஃப்ளூ எந்த ஊரில் எப்போது ஏறுகிறது என்று கணக்கெடுத்தவர்கள் இதையேதான் கண்டார்கள்: ஸ்ரீநகரில் பனிக்காலத்தில், டெல்லியில் தென்மேற்குப் பருவமழையோடு, சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையோடு. நாடு ஒன்று, சீசன் ஊருக்கு ஊர் வேறு.

இதனால்தான் யூடியூபில் குளிர்நாட்டுக்காரர்கள் ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின்) வாங்கச் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007-ல் நியூயார்க்கில் கினிப்பன்றிகளை (பெரிய எலி மாதிரி இருக்கும் சோதனைக்கூட விலங்கு) கூண்டில் வைத்துச் செய்த சோதனையில், 5 டிகிரி குளிரிலும் வறண்ட காற்றிலும் ஃப்ளூ சுலபமாகப் பரவியது. அடுத்த வருஷம் 30 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள், தனித்தனிக் கூண்டில் இருந்தவற்றுக்குக் காற்று வழியாகப் பரவவில்லை, ஆனால் ஒரே கூண்டுக்குள் நெருக்கிப் போட்டதும் அந்தச் சூட்டிலும் பரவிவிட்டது. அங்கே ஹீட்டர் போட்டு வறண்ட வீட்டுக்கு ஹியூமிடிஃபையர் நல்லதுதான். ஏற்கெனவே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் சென்னை வீட்டில் அதை வாங்கி வைத்தால் சுவரில் பூஞ்சை பூக்கும், வேறு பலன் இல்லை.

மழை நேரடியாக என்ன செய்கிறது என்பதைவிட மழைக்காக நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்துகிறோம், கொசு வருகிறது என்று ஆறு மணிக்கே கதவையும் சாத்துகிறோம், பிள்ளைகள் வெளியே விளையாடப் போவதில்லை, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வைரஸைச் சீக்கிரம் செயலிழக்கச் செய்யும், அந்த வெயிலும் இல்லை. ஆறு பேர் ஒரே ஹாலில் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு டிவி பார்க்கிறோம். அந்தக் கினிப்பன்றிக் கூண்டேதான்.

மூடிய இடம் என்ன செய்யும் என்பதற்கு 1977-ல் அலாஸ்காவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்ஜின் கோளாறால் ஒரு விமானம் தரையிலேயே மூன்று மணி நேரம் நின்றது, காற்றோட்ட அமைப்பும் ஓடவில்லை, உள்ளே இருந்த 54 பேரில் ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளுக்குள் 72 விழுக்காட்டினர் படுத்துவிட்டார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகப் போங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தால் புகை பெரும்பாலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் ஒரு கதவையோ வென்டிலேட்டரையோ திறந்ததும் கயிறு கட்டி இழுத்ததுபோல ஓடும். அந்த ஜோடி எது என்று ஒவ்வோர் அறைக்கும் தெரிந்துகொண்டால் போதும், மழை நேரத்தில் நாலு விரல் அகலம் திறந்து வைத்தாலே நிறைய வித்தியாசம். வடகிழக்குப் பருவத்தில் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பக்கம்தான் அடிக்கும், அதனால் எல்லா ஜன்னலையும் மொத்தமாகச் சாத்தாமல் தெற்கு, மேற்கு ஜன்னல்களை விட்டு வையுங்கள் (புயல் சின்னம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அன்றைக்குச் சாத்துங்கள்).

சீலிங் ஃபேனை நம்பாதீர்கள். அது உள்ளே இருக்கும் காற்றைக் கலக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது. காற்று நகராத அறையில் டேபிள் ஃபேனை ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளியே பார்த்தபடி வையுங்கள். வீட்டுக்கு வரும் எல்லோரும் ஃபேன் தப்பாகத் திரும்பியிருக்கிறது என்று திருப்பி வைப்பார்கள், எங்கள் வீட்டில் இது வருஷா வருஷம் நடக்கும் சண்டை. பாத்ரூம், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றை இழுக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்பத் தருகிறது, வெளியே தொங்கும் பெட்டி சூட்டை மட்டும்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஓர் ஏசி உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கோவிட் வந்தது, ஏசிக் காற்று அந்த மேஜைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. ராத்திரி ஏசி போட்டுத் தூங்குகிறவர்கள் ஜன்னலில் ஓர் இடுக்கு விடுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஏசி மண்டபத்துக்குப் போனால் நான் ஏசிக் காற்று நேராக மேலே படாத, கதவோரமான இடமாகப் பார்த்து உட்காருவேன், சொந்தக்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி.

இப்போது கொசு. இதுதான் நிஜமான பிரச்சினை, இதைத் தீர்க்காமல் ஜன்னலைத் திற என்று உபதேசம் செய்து பயனில்லை. ஜன்னலைச் சாத்தி, உள்ளே கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு: ஒரு சுருள் முழுக்க எரிந்தால் அது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். சளி பிடித்த குழந்தையின் நுரையீரலுக்கு அதுவும் சேர்த்தா? ஜன்னலுக்கு வலை அடியுங்கள். காசு இல்லையென்றால் படுக்கும் அறைக்கு மட்டுமாவது அடியுங்கள், அல்லது கட்டிலுக்கு வலை கட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்குத் தனி அறை, அந்த அறைக் கதவு சாத்தியும் ஜன்னல் திறந்தும் இருக்கட்டும், எக்ஸாஸ்ட் இருந்தால் ஓடட்டும். காற்று அந்த அறையிலிருந்து வெளியேதான் போக வேண்டும், ஹாலுக்கு வரக் கூடாது. கதவிடுக்கில் மறுபடி அந்த ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே போகிறவர் என்95 மாஸ்க்கை மூக்கோரம் அழுத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு முந்தின நாளே பரவத் தொடங்கி அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், குழந்தைகளிடம் இன்னும் கொஞ்சம் கூட. மூச்சு வாங்கினாலோ குழந்தைக்கு நெஞ்சு உள்வாங்கினாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் கொதிக்கும் பாத்திரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பஸ்ஸில் மழை வந்ததும் எல்லா ஷட்டரும் தடதடவென்று இறங்கும். சாரல் எதிர்ப்பக்கம் அடித்தால் உங்கள் பக்கத்து ஷட்டரை அரையடி விட்டு வையுங்கள். கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார், பக்கத்து சீட்காரர் முறைப்பார்.

அப்போ தலையைத் துவட்டச் சொன்ன பாட்டி தப்பா? முழுத் தப்பு இல்லை. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளியான ஆய்வில் 90 பேரைக் குளிர்ந்த நீரில் கால் வைத்து 20 நிமிஷம் உட்கார வைத்தார்கள், இன்னொரு 90 பேர் வெறும் பாத்திரத்தில் கால் வைத்தார்கள். நாலைந்து நாளில் சளி என்று சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 13 பேர், இரண்டாவதில் 5 பேர். உடம்பில் ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸைக் குளிர்ச்சி கிளப்பிவிட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். துவட்டிக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை.

ஃப்ளூ தடுப்பூசி போடுகிறவர்கள் (வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்) தீபாவளி வரை காத்திருக்காதீர்கள். ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும், நமக்கு அலை அக்டோபரில் ஏறுகிறது, எனவே செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது. வலை அடிப்பவரையும் அதே மாதத்தில் கூப்பிட்டுவிடுங்கள். முதல் மழைக்கு அப்புறம் அவர் போனை எடுப்பதில்லை.