ஊரிலிருந்து வந்தவர்களோடு கொரியன் பார்பிக்யூ: முதல் முறை போகிறவர்களுக்கு

கொரியாவில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா, அப்பா, மாமியார் என்று யாராவது வந்தால், மேசை நடுவில் அடுப்பு வைத்து இறைச்சி சுடும் கடைக்கு ஒரு நாளாவது கூட்டிப் போகத்தான் வேண்டும். அரண்மனைகளைவிட இங்கேதான் ஊர் பிடிபடும் என்பது என் கட்சி. ஆனால் இதில் பாதி வேலை கடைக்குள் நுழையுமுன்பே முடிந்திருக்க வேண்டும். உள்ளே போய் மெனுவை விரித்த பிறகு "நான் அது சாப்பிட மாட்டேனே" என்று ஒரு குரல் வந்தால், அந்த மாலை அவ்வளவுதான்.

1. யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று முதலில் கேளுங்கள்

இங்கே பெரும்பாலான கடைகள் ஒன்று பன்றிக் கடை, இல்லையென்றால் மாட்டுக் கடை. சம்கியோப்சல் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதி, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும். மோக்சல் கழுத்துப் பகுதி, கொழுப்பு குறைவு. கல்பி என்றால் விலா. மாட்டு விலாவுக்குப் பேர் போன ஊர் சுவோன். நாட்டு மாட்டு இறைச்சியான ஹன்வூ நல்ல விலை. அதை அப்பாவின் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்பவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. அவர்களுக்காகவே இருப்பதுபோல ஒன்று இருக்கிறது: தக்கல்பி. கோழித் தொடைக்கறி, முட்டைகோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அரிசி மாவில் செய்த தொக், எல்லாவற்றையும் மிளகாய் விழுதில் புரட்டி, மேசை நடுவில் இருக்கும் பெரிய இரும்புத் தட்டிலேயே வதக்குவார்கள். சுன்சோன் ஊரின் சரக்கு என்றாலும் சியோலிலும் தாராளமாகக் கிடைக்கும். கிளறுவதைப் பெரும்பாலும் கடைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும், இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்.

சுத்த சைவக்காரர் ஒருவர் கூட வருகிறார் என்றால், இந்தக் கடை வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காளானும் வெங்காயமும் இறைச்சி சுடும் அதே தட்டில்தான் வேகும். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். சூப்பிலும் நெத்திலி. அவரை வெறும் சோற்றோடு உட்கார வைப்பதைவிட, வேறு நாள் வேறு கடைக்குப் போகலாம்.

2. நேரம், இருக்கை, உடை

பல கடைகள் மதியம் 3 முதல் 5 வரை மூடியிருக்கும். 5 மணிக்குத் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் சத்தமும் புகையுமாகிவிடும். மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் நாற்காலி போட்ட கடையா என்று படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில பழைய கடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில்தான் உட்கார வேண்டும்.

பட்டுப்புடவை வேண்டாம். புகையை இழுக்க மேலே குழாய் தொங்கினாலும் துணியில் வாசனை ஏறாமல் இருக்காது. குளிர்காலக் கோட்டுக்குப் பெரிய பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். இல்லையென்றால் வட்ட ஸ்டூலின் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே பைகளை வைக்க இடம் இருக்கும்.

3. ஆர்டர்

ஸ்பூனும் சாப்ஸ்டிக்கும் காணோமே என்று தேட வேண்டாம், மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். ஆளைக் கூப்பிட மேசையில் பட்டன் உண்டு. புதிய கடைகளில் டேப்லெட்டிலேயே ஆர்டர் செய்யலாம்.

இறைச்சி பங்குக் கணக்கில் வரும். ஒரு பங்கு பச்சையாக 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். முதல் ஆர்டரில் ஒரே வகையில் குறைந்தது இரண்டு பங்கு வாங்கச் சொல்வார்கள். "சம்கியோப்சல் சம் இன்புன் ஜுசேயோ" என்றால் மூன்று பங்கு வந்துவிடும். மசாலா தடவாததை முதலில் கேளுங்கள், தடவியது அப்புறம். சோயாவும் சர்க்கரையும் பேரிக்காயும் சேர்ந்த ஊறல் சட்டென்று கருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கூடவே சின்னச் சின்னக் கிண்ணங்களில் பன்ச்சான் வரும். கிம்ச்சி, முள்ளங்கி, முளைகட்டிய பயறு என்று கடைக்குக் கடை மாறும். இதற்குத் தனிக்காசு இல்லை, தீர்ந்தால் மறுபடி தருவார்கள். சில கடைகளில் நாமே போய் எடுத்து வரவேண்டும். "இதுக்கும் பில்லா?" என்று அம்மா தொடாமல் உட்கார்ந்திருப்பார், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. சுடுவது

கங்கு நிறைந்த சட்டியைக் கொக்கியில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நேரம் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தட்டு நன்றாகச் சூடேறட்டும். சம்கியோப்சல் துண்டை இடுக்கியால் வைக்கும்போது 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எடுத்துவிட்டுக் காத்திருங்கள். வைத்த பிறகு நோண்டக் கூடாது. மேல்புறம் சின்னச் சின்ன முத்தாக நீர் கோக்கும், ஓரம் வெளுத்துவரும். அப்போது ஒரே புரட்டு. அடிப்புறம் பொன்னிறமாகியிருக்கும். இப்போது இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலால் ஒரு வாய் அளவுக்கு வெட்டுங்கள். ஆமாம், கத்தரிக்கோல்தான். வெட்டிய துண்டுகளை வெட்டுவாய் தட்டில் படும்படி சாய்த்து வையுங்கள், இளஞ்சிவப்பு போகும்வரை.

தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தால் கொழுப்பு அங்கேதான் வழியும். அந்தப் பள்ளத்தில் கிம்ச்சியையும் பூண்டையும் பரப்புங்கள். அந்தக் கொழுப்பில் வதங்கிய கிம்ச்சிக்காகவே நான் இந்தக் கடைக்குப் போவேன், இறைச்சி எனக்கு இரண்டாம் பட்சம்.

மாட்டில் சாதோல்பாகி என்ற மெல்லிய சீவல் இருக்கிறது. அதற்கு இவ்வளவு பொறுமை வேண்டாம், போட்டு, நிறம் மாறியதும் திருப்பி, எடுத்துவிட வேண்டியதுதான். வந்த இறைச்சி மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் ஒவ்வொரு ஈடாகப் போடுங்கள். பச்சை இறைச்சியைத் தொட இடுக்கி, சாப்பிடச் சாப்ஸ்டிக். இரண்டையும் கலக்க வேண்டாம். தட்டு கருகிவிட்டதா? "புல்பான் கரா ஜுசேயோ" என்று சொன்னால் புதிது மாற்றித் தருவார்கள்.

இடுக்கியை ஒருவரே கடைசிவரை வைத்திருந்தால் அவர் சாப்பிட்டபாடில்லை. ஓர் ஈடு முடிந்ததும் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.

5. மடித்துச் சாப்பிடுவது

மூத்தவர் சாப்பிடத் தொடங்கிய பிறகே மற்றவர்கள் தொடங்குவது இங்கே வழக்கம். முதல் துண்டைத் தாத்தா பாட்டி தட்டில் வையுங்கள். பெரியவர்களுக்கு எதை ஊற்றினாலும் இரண்டு கையாலும் பிடித்து ஊற்ற வேண்டும்.

உள்ளங்கையில் லெட்டூஸ் இலை, அதன்மேல் கேன்னிப் இலை. கேன்னிப் துளசிக் குடும்பம்தான், வாசனை தூக்கலாக இருக்கும், பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். இறைச்சியை உப்புக் கலந்த நல்லெண்ணெயில் ஒரு முறை தொட்டு இலையில் வைக்கவும். இங்கே எள்ளை வறுத்து ஆட்டுவதால் மணம் நம் ஊர் எண்ணெயைவிடத் தூக்கும். மேலே சுட்ட பூண்டு, கொஞ்சம் சம்ஜாங் என்ற சோயா விழுது. மூட்டையாக மடித்து, முழுசாக வாய்க்குள். பாதி கடித்தால் எல்லாம் மடியில்தான். சாப்ஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் கையால் சாப்பிடலாம் என்றதும் உற்சாகமாகிவிடுவார்கள்.

6. கடைசிச் சுற்றும் பில்லும்

இறைச்சி முடியும்போது "சாப்பாடு என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள். இவ்வளவு நேரம் சாப்பிட்டது கணக்கில் வராது போல. தென்ஜாங் ஜிகே என்ற சோயாக் குழம்பும் சோறும் நம்மவர்களுக்கு ஒத்துவரும். நேங்மியோன் என்ற ஐஸ் மிதக்கும் நூடுல்ஸை ஒன்று வாங்கிப் பகிர்ந்து பாருங்கள். அதன் சாறு பல இடங்களில் மாட்டிறைச்சியில் எடுத்தது, மாடு தொடாதவர்கள் "சோகோகி துரோகாயோ?" என்று கேட்டுவிடுவது நல்லது. தக்கல்பிக் கடையில் மிச்ச மசாலாவிலேயே சோற்றைப் போட்டு வறுத்துத் தருவார்கள், அதை விடவே கூடாது.

பணத்தை வாசல் கவுன்டரில் கட்ட வேண்டும். டிப்ஸ் கிடையாது, மெனுவில் போட்ட விலைதான் விலை. அப்பா கட்டக் கூடாது என்றால், அவர் கை கழுவப் போகும் நேரத்தில் நீங்கள் கவுன்டருக்குப் போய்விடுங்கள். அதற்குப் பக்கத்தில் இலவச காபி மெஷின் இருந்தால் அவருக்கு ஒரு கப் பிடித்து வையுங்கள். பாலும் சர்க்கரையும் கலந்தே வரும்.